மலை எங்கே நிற்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது? நெல்லைச் சீமையை வைத்துத் தெற்காசியாவின் நில அமைப்பைப் படிக்கும் முறை

ஆனி மாதத்தில் தென்காசியில் பஸ் ஏறினால் சன்னல் கம்பியில் சாரல் துளி கோத்து நிற்கும். பாவூர்சத்திரம் தாண்டும்போது மேகம் தலைக்கு மேல் ஓடுமே தவிர, துளி விழாது. ஆலங்குளத்தில் காற்றுக்கு வேகம் மட்டும் இருக்கும், ஈரம் இருக்காது. சீதபற்பநல்லூர் கழிந்து நெல்லை ஜங்ஷனில் இறங்கும்போது சுள்ளென்று வெயில். மொத்தம் ஐம்பது கிலோமீட்டர்தான், ஒரே வானம்தான். இடையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டவருக்கு, இமயம் முதல் இலங்கை வரை விரிந்து கிடக்கும் தெற்காசியாவின் பாதிப் புவியியல் கைக்கு வந்துவிடும். திபெத் ஏன் வறண்டது, சிரபுஞ்சி ஏன் நனைகிறது, டெல்லியைவிடக் கொல்கத்தாவில் ஏன் மழை அதிகம் என்பதற்கெல்லாம் அந்த பஸ் பயணத்தில் விடை இருக்கிறது.

தெற்காசியா என்பது ஏறத்தாழ 50 லட்சம் சதுர கிலோமீட்டர். உலகின் மிக உயரமான சிகரமான எவரெஸ்டும் (8848.86 மீட்டர்), சராசரியாக ஒன்றரை மீட்டர் உயரம்கூட எட்டாத மாலத்தீவும் இதற்குள்தான் இருக்கின்றன. இதை மாவட்டம் மாவட்டமாக, மாநிலம் மாநிலமாக மனப்பாடம் செய்வது வீண் வேலை. ஒவ்வொரு இடத்திலும் இரண்டே கேள்வி கேட்டால் போதும்: மலை எந்தப் பக்கம் நிற்கிறது? அந்தப் பருவத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது? மண், ஆறு, பயிர் எல்லாம் இந்த இரண்டுக்கும் பின்னால்தான் வரும்.

வரைபடத்தை விரிக்கும் முன்

புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. முதலாவது நிறம். இயற்கை அமைப்பு வரைபடத்தில் பச்சை நிறம் உயரத்தைக் குறிப்பது, காட்டையோ வயலையோ குறிப்பதல்ல. தாழ்ந்த நிலத்துக்கெல்லாம் பச்சை அடித்திருப்பார்கள். அதனால் தார் பாலைவனத்தின் ஒரு பகுதியும் கங்கைச் சமவெளியும் ஒரே பச்சையில் கிடக்கும். பச்சையாக இருக்கிறதே, செழிப்பான பூமி என்று எழுதிவிட்டு மதிப்பெண் இழந்த பிள்ளைகள் ஏராளம். மூலையில் இருக்கும் உயர அட்டவணையைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

இரண்டாவது, அளவு. ஒரு சென்டிமீட்டருக்கு 100 கிலோமீட்டர் என்ற அளவில் தாளில் வரைந்தால், இமயமலை 24 சென்டிமீட்டர் நீளம் வரும். அதே அளவில் எவரெஸ்டின் உயரம் ஒரு மில்லிமீட்டரைத் தொடாது. தாளில் விழுந்த ஒரு சுருக்கம் போலத்தான் இருக்கும். பள்ளிக்கூடத்து மாதிரிகளில் மலையைச் சுவர்போல் செங்குத்தாகச் செய்து வைப்பது, கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக உயரத்தை மட்டும் பல மடங்கு பெருக்கியதால். ஆனால் காற்றுக்கு அந்த ஒரு மில்லிமீட்டரே பெரிய மதில். காரணம், மழை தரும் ஈரத்தில் பெரும்பகுதி தரையிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் உயரத்துக்குள்தான் இருக்கிறது. நம் பொதிகை 1868 மீட்டர். அந்த ஈரத்தில் ஒரு நல்ல பங்கை மறிக்க அதுவே போதுகிறது. சராசரி 6000 மீட்டர் உயரத்தில் நிற்கும் பேரிமயத் தொடர் ஏறக்குறைய முழுவதையும் மறித்துவிடுகிறது.

ஆலங்குளத்துக்கு ஏன் மழை வரவில்லை

இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் ஆயுளுக்கும் மறக்காது.

கேரளக் கடற்கரையில் 28 டிகிரி வெப்பத்தில் ஈரக்காற்று புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரே 1500 மீட்டர் மலை. ஏறித்தான் ஆகவேண்டும். மேலே போகப்போகச் சுற்றியுள்ள அழுத்தம் குறைகிறது. காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஈரம் ஆவியாகவே இருக்கும்வரை கிலோமீட்டருக்கு 10 டிகிரி வீதம் குளிரும். முதல் 500 மீட்டர் ஏறியதும் 23 டிகிரி. அந்த அளவில் காற்றால் தன் ஆவியைத் தாங்க முடியாமல் அது துளியாகத் திரள்கிறது. அங்கேதான் மேகத்தின் அடிமட்டம். ஆவி துளியாகும்போது வெப்பத்தை வெளிவிடும் என்பதால், அதற்கு மேல் குளிரும் வேகம் பாதியாகக் குறைந்து கிலோமீட்டருக்கு 5 டிகிரி என்றாகும். இன்னும் 1000 மீட்டர் ஏறி உச்சியைத் தொடும்போது 18 டிகிரி. வழியெல்லாம் கொட்டிய மழை கேரளத்துக்கும் மலைக்காட்டுக்கும் போய்விட்டது.

இனி இறக்கம். கீழே வரவர அழுத்தம் கூடுகிறது, காற்று சுருங்குகிறது, சூடாகிறது. ஈரம் இழந்த காற்றாகையால் இறங்கும் வழி முழுவதும் கிலோமீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடேறும். 1400 மீட்டர் இறங்கி நம் சமவெளிக்கு வரும்போது 32 டிகிரி. புறப்பட்டதைவிட 4 டிகிரி கூடுதல், ஈரப்பதமோ பாதியளவுதான். மேகம் கரைந்துபோகும். இதற்குப் பெயர் மழை மறைவுப் பகுதி. அசல் மலையில் இந்த எண்கள் கொஞ்சம் முன்பின் ஆகும், நடக்கும் முறை மாறாது.

இதை நம் முன்னோர் காற்றின் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. கொண்டல் என்றால் மேகம் என்றும் பொருள், கோடை என்றால் வெயில் காலம் என்றும் பொருள். மலைக்கு அந்தப்புறம் இருப்பவர்களுக்கு மேற்குக் காற்றுதான் மழை கொண்டுவரும். மலைக்கு இந்தப்புறம் இருப்பவர்கள்தான் அதே காற்றைக் கோடை என்று சொல்லமுடியும். மொழிக்குள் மலை நிற்கிறது.

அப்படியானால் குற்றாலத்தில் மட்டும் சாரல் எப்படி? மதிலில் வாசல் இருக்கிறது. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுப் பக்கம் மலை தாழ்ந்து ஒரு கணவாய் விட்டிருக்கிறது. முழு உயரமும் ஏற வேண்டிய தேவையில்லாத காற்று அதன் வழியாக ஈரத்தோடு உள்ளே வந்து, பக்கத்து மலைச் சரிவில் துளியைச் சிந்துகிறது. வாசலை விட்டுத் தள்ளிப்போகப்போக ஈரம் தீர்ந்துவிடும். அதனால்தான் சாரலின் எல்லை பாவூர்சத்திரத்தோடு முடிகிறது. தெற்கே ஆரல்வாய்மொழியில் இன்னொரு வாசல். அங்கே ஈரத்தைவிட வேகம் அதிகம். முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி பக்கம் காற்றாலைகள் நெருக்கமாக நிற்பதற்கு அதுதான் காரணம். வடக்கே பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்தே கிடக்கிறது. கோவை ஆடி மாதத்தில் இதமாக இருப்பது அதன் தயவு.

மலையின் உச்சிப் பகுதியில் இருக்கும் ஊர்களுக்கு இரண்டு பக்கக் காற்றும் கிடைக்கும். மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து ஆகிய இடங்கள் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களின் வரிசையில் வருவது அதனால்தான்.

பெரிய மதில்

இப்போது இதே படத்தைப் பல மடங்கு பெரிதாக்குங்கள். பொதிகை இருக்கும் இடத்தில் இமயத்தையும், ஆலங்குளம் இருக்கும் இடத்தில் திபெத்தையும் வையுங்கள்.

இமயம் இளைய மலை. தென்கண்டத்திலிருந்து பிரிந்த இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியத் தட்டோடு மோதத் தொடங்கியது. இரண்டுக்கும் நடுவே டெத்திஸ் என்ற கடல் இருந்தது. அதன் அடியில் படிந்திருந்த சேறும் சுண்ணாம்பும் ஜமுக்காளத்தை ஒரு பக்கமிருந்து தள்ளினால் மடிவதைப்போல் மடிந்து எழுந்தன. சான்றுக்கு நெடுந்தூரம் போகவேண்டாம். நம் வீடுகளில் பூசையில் வைக்கும் சாளக்கிராமம் நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வருவது. அதனுள் இருக்கும் சக்கரம், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்து மறைந்த அம்மோனைட் என்ற உயிரியின் ஓட்டுச்சுவடு. கடல் உயிரி இமயத்து ஆற்றில் கிடைக்கிறதென்றால், அந்த மலை கடலடியாக இருந்தது என்றுதான் பொருள்.

மோதல் நிற்கவில்லை. இந்தியத் தட்டு இன்னும் ஆண்டுக்கு 4 முதல் 5 சென்டிமீட்டர் வடக்கே தள்ளிக்கொண்டிருக்கிறது. எழுபது வயது ஆள் ஒருவரின் வாழ்நாளில் மூன்று மீட்டர், அதாவது ஒரு அறையின் அகலம். பாறை அந்தத் தள்ளலைத் தாங்கித் தாங்கி ஒருநாள் சட்டென்று நழுவும்போது நிலநடுக்கம் வருகிறது. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 அளவில் வந்தது இப்படிப்பட்டதுதான்.

நம் மலையும் இமயமும் ஒரே வகை என்று நினைப்பது அடிக்கடி நேரும் பிழை. மேற்குத் தொடர்ச்சி மலை மடிந்து எழுந்ததல்ல. அது ஒரு பழம்பெரும் பீடபூமியின் மேற்கு விளிம்பு. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவிலிருந்து பிரிந்து போனபோது உடைந்த ஓரம் உயர்ந்து நின்றது. பொதிகையின் பாறை பூமிக்குள் ஆழத்தில் வெந்து இறுகிய சார்னோகைட் வகை. அதில் சங்கும் சிப்பியும் தேடிப் பயனில்லை.

இமயத்தை ஒரே வரிசையாக வரைவதும் தவறு. தெற்கிலிருந்து போனால் முதலில் ஆயிரம் மீட்டர் அளவுள்ள சிவாலிக் குன்றுகள், அதன்பின் நாலாயிரம் மீட்டர் சுற்றியுள்ள இமாச்சல் தொடர், அதற்கும் பின்னால் இமாத்ரி என்ற பேரிமயம். மூன்றுக்கும் பின்னால் சராசரி 4500 மீட்டர் உயரத்தில் 25 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் திபெத் பீடபூமி. தெற்குச் சரிவில் மழை கொட்டும்போது, மறைவில் இருக்கும் திபெத்தின் லாசா நகரத்துக்கு ஆண்டு முழுவதும் சேர்த்து 400 மில்லிமீட்டர் அளவுதான் கிடைக்கிறது. நம் கோவில்பட்டியைவிடக் குறைவு.

காற்றின் வருடாந்திரப் பயணம்

மதில் மட்டும் இருந்தால் போதாது. இந்தப் பகுதியில் காற்று ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது. வெயில் காலத்தில் வடமேற்கு இந்தியாவும் பாகிஸ்தானும் கொதித்து, அங்கே அழுத்தம் குறைகிறது. தெற்கே இந்தியப் பெருங்கடலிலிருந்து காற்று அந்தப் பள்ளத்தை நோக்கிப் பாய்கிறது. நிலநடுக்கோட்டைத் தாண்டியதும், பூமி சுழல்வதால் அதன் பாதை வலப்பக்கம் வளைந்து தென்மேற்கிலிருந்து வருகிறது. வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளத்தைத் தொட்டு, ஜூலை முதல் பாதிக்குள் நாடு முழுவதும் பரவும்.

ஒரு கிளை அரபிக்கடல் வழியாக மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. அதன் கதையை மேலே பார்த்தோம். மற்றொன்று வங்காள விரிகுடா வழியாக வடக்கே ஏறி, வங்கதேசத்தின் தட்டையான நிலத்தைத் தடையில்லாமல் கடந்து, மேகாலயாவில் திடுமென எழும் காசி மலையில் முட்டுகிறது. அந்த மலை பெரிய உயரமில்லை, இரண்டாயிரம் மீட்டரைத் தொடாது. ஆனால் தெற்கு நோக்கி வாய் பிளந்த பள்ளத்தாக்குகள் காற்றைப் புனல்போல் ஒடுக்கி மேலே தூக்கிவிடுகின்றன. மௌசின்ராமில் ஆண்டுக்குச் சராசரி 11,870 மில்லிமீட்டர் மழை. பக்கத்துச் சிரபுஞ்சியில் 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை 26,461 மில்லிமீட்டர் பெய்தது ஒரு ஆண்டு மழைக்கான உலகச் சாதனை. அங்கிருந்து வடக்கே ஐம்பது கிலோமீட்டர் சாலையில் இருக்கும் ஷில்லாங்குக்கு அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. குற்றாலமும் ஆலங்குளமும் அங்கேயும் இருக்கின்றன.

வங்கக் கிளையின் மீதிக்காற்று இமயத்தைத் தாண்ட முடியாமல் இடப்பக்கம் திரும்பி, மலையடிவாரத்தை ஒட்டி மேற்கே போகிறது. போகப்போகச் சரக்கு தீர்கிறது. கொல்கத்தாவில் 1600 மில்லிமீட்டருக்கு மேல், பாட்னாவில் ஆயிரத்தை ஒட்டி, டெல்லியில் 800-க்குள், ஜெய்சால்மரில் 200 அளவு. வாய்க்கால் தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த நம் விவசாயிக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ராஜஸ்தானில் ஆரவல்லி மலை இருந்தும் பாலை ஏன் என்று கேட்பார்கள். ஆரவல்லி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக, அரபிக்கடல் காற்று போகும் திசையிலேயே கிடக்கிறது. குறுக்கே நின்றால்தான் மலை மழையைப் பறிக்கும். கூடவே நின்றால் காற்று உரசிக்கொண்டு போய்விடும். மேற்கிலிருந்து வரும் வறண்ட மேலடுக்குக் காற்று ஒரு மூடிபோல் அமர்ந்து மேகம் உயரவிடாமல் அமுக்குவதும் சேர்ந்துகொள்கிறது. அதனால் மதில் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது, எந்த வாக்கில் கிடக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

அக்டோபரில் எல்லாம் தலைகீழ். நிலம் குளிர்கிறது, காற்று வடகிழக்கிலிருந்து திரும்புகிறது. வட இந்தியாவுக்கு அது நிலத்திலிருந்து வரும் வறண்ட காற்று. நமக்கோ வங்காள விரிகுடாவைத் தாண்டி ஈரம் அள்ளிக்கொண்டு வரும் கொண்டல். இப்போது பொதிகை நமக்கு முதுகுச் சுவர். கிழக்கிலிருந்து வரும் காற்று அதில் முட்டி நம் பக்கம் பெய்கிறது. சில நேரம் எல்லை மீறியும் பெய்யும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் குமரிக்கடல் பக்கம் நிலைத்து நின்ற காற்றுச் சுழற்சி ஈரத்தை இடைவிடாமல் இழுத்துவிட்டதில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. அந்தக் கடலோரத்தின் ஒரு வருச மழையைவிட அதிகம். தாமிரபரணி இரு கரையும் மீறியது.

இமயம் குளிர்காலத்தில் செய்யும் இன்னொரு உதவியைப் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. சைபீரியாவின் உறைபனிக் காற்றை அது வடக்கிலேயே நிறுத்திவிடுகிறது. அந்த மதில் இல்லாவிட்டால் மார்கழியில் கங்கைச் சமவெளியின் கோதுமை வயல்கள் என்ன பாடுபடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆறு செய்யும் வேலை

தாமிரபரணியின் நீளம் 125 கிலோமீட்டர் சுற்றி. அதற்குள் ஒரு பேராறு செய்யும் எல்லா வேலையும் நடந்து முடிந்துவிடுகிறது. பொதிகையில் அருவியாக விழுந்து பாறையை அரிக்கும். பாபநாசத்தில் தரைக்கு இறங்கும். மணிமுத்தாறும் கடனாநதியும் பச்சையாறும் சிற்றாறும் வந்து சேரும். அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை வண்டல் பரப்பி, புன்னைக்காயலில் கடலில் கலக்கும். மேலிருந்து கீழாகக் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். கடைசியான ஸ்ரீவைகுண்டம் 1870-களில் கட்டியது, மற்றவை அதற்கும் முந்தியவை. தென்மேற்குப் பருவத் தண்ணீரில் கார் சாகுபடி, வடகிழக்குப் பருவத் தண்ணீரில் பிசானம். மலைமேல் இரண்டு காற்றும் மழை தருவதால் ஒரு சின்ன ஆற்றுக்கு இரண்டு போகம் வாய்த்திருக்கிறது. கங்கைக்கும் இப்படி இரண்டு வரவு உண்டு. ஒன்று பருவமழை, மற்றது கோடையில் உருகும் பனி.

வேறுபடுவது சரிவு. திருநெல்வேலி கடல்மட்டத்துக்கு 47 மீட்டர் மேலே இருக்கிறது. ஆற்றோட்டமாகக் கடல் 60 கிலோமீட்டர் அளவு. கிலோமீட்டருக்கு முக்கால் மீட்டர் இறக்கம். கங்கை ஓடும் வாரணாசி சுமார் 80 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கடலுக்கு ஆற்றுவழியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கிலோமீட்டருக்கு ஒரு சாண்கூட இல்லை, எட்டு சென்டிமீட்டர்தான். இவ்வளவு மெல்லிய சரிவில் ஆறு வண்டலைத் தூக்கிச் செல்லத் திணறும். வளைந்து வளைந்து போகும், படுகையை மேடாக்கும், இடம் மாறும்.

கோசி இதற்குக் கண்கண்ட பாடம். நேபாளத்து மலையிலிருந்து மணலும் கல்லும் அள்ளிவந்து பீகார் சமவெளியில் கொட்டும் இந்த ஆறு, இரண்டரை நூற்றாண்டுக்குள் சுமார் 120 கிலோமீட்டர் மேற்கே நகர்ந்திருக்கிறது. இடம் மாறாமலிருக்க இருபுறமும் கரை கட்டினார்கள். வயலில் பரவ வேண்டிய வண்டல் கரைகளுக்குள்ளேயே படிந்ததால் ஆற்றின் அடிமட்டம் ஏறி, வெளியே உள்ள ஊர்களைவிட உயர்ந்து நின்றது. 2008 ஆகஸ்டில் குசகா என்ற இடத்தில் கிழக்குக் கரை உடைந்தது. ஆறு தான் விட்டுப்போன பழைய தடத்தில் பாய்ந்து லட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். கரையை உயர்த்தினால் வெள்ளம் தீரும் என்று நினைப்பவர்கள் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். வண்டல் சுமக்கும் ஆற்றில் கரையின் உயரம் மட்டும் ஒருபோதும் போதாது.

மலையை விட்டு இறங்கும் இடத்தில் 8 முதல் 16 கிலோமீட்டர் அகலத்துக்குக் கூழாங்கல் பட்டை ஒன்று உண்டு, பாபர் என்பார்கள். சின்ன ஓடைகள் அதில் மறைந்து, கீழே தராய் என்ற சதுப்புப் பட்டையில் மறுபடி ஊறி வெளிவரும். வரைபடத்தில் ஓடை பாதியில் அறுந்து கிடந்தால் அச்சுப்பிழை என்று எண்ணிவிட வேண்டாம்.

இன்னொரு விநோதம்: சிந்து, சட்லெஜ், பிரம்மபுத்திரா மூன்றும் மானசரோவர்ப் பக்கம், இமயத்துக்கு வடக்கே பிறந்து, மலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு தெற்கே வருகின்றன. ஆறு மலையில் ஏறாதே, பின் எப்படி? அவை இமயத்துக்கு மூத்த ஆறுகள். மலை மெல்ல எழ எழ, ஆறு அதே இடத்தில் ஆழமாக அறுத்துக்கொண்டே போனது. பிரம்மபுத்திரா திபெத்தில் கிழக்கு நோக்கி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி, நம்சா பர்வா சிகரத்தைச் சுற்றி வளைந்து அசாமுக்குள் இறங்குகிறது. கடைசியில் கங்கையோடு சேர்ந்து ஆண்டுக்கு நூறு கோடி டன் அளவு வண்டலை வங்கக் கடலுக்குக் கொண்டுபோகிறது. சுமார் ஒரு லட்சம் சதுர கிலோமீட்டர் கழிமுகம் அப்படிச் சேர்ந்த மண். அந்த வேலையின் சிறிய அளவைப் பார்க்க வேண்டுமானால் கொற்கைக்குப் போகலாம். பாண்டியரின் முத்துத் துறைமுகம் இன்று கடலை விட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே, வயலுக்கு நடுவே இருக்கிறது. கப்பல் நின்ற இடத்தைத் தாமிரபரணியின் வண்டல் மூடிவிட்டது.

பழைய பீடபூமியும் அதன் மண்ணும்

தக்காணம் கிழக்கே சாய்ந்த மேசை. மேற்கு விளிம்பு உயரம், கிழக்கு தாழ்வு. அரபிக்கடலிலிருந்து 80 கிலோமீட்டர் தூரத்தில் பிறக்கும் கோதாவரி, பக்கத்துக் கடலை விட்டுவிட்டு 1465 கிலோமீட்டர் நடந்து வங்கக் கடலில் சேர்வது அந்தச் சாய்வால். தாமிரபரணியும் அதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். நர்மதையும் தபதியும் மேற்கே ஓடுவதற்குக் காரணம், அவை நிலம் பிளந்து தாழ்ந்த பள்ளங்களில் ஓடுகின்றன.

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தின் வடமேற்கில் நிலம் வெடித்து எரிமலைக்குழம்பு அடுக்கடுக்காகப் பரவியது. இன்றும் 5 லட்சம் சதுர கிலோமீட்டரில் அந்தக் கருங்குழம்புப் பாறை இருக்கிறது, சில இடத்தில் இரண்டு கிலோமீட்டர் தடிப்பில். எல்லோராவின் கைலாசநாதர் கோயில் அந்தப் பாறையில் மேலிருந்து கீழாகக் குடைந்தது. அதேபோல் மேலிருந்து குடைந்த நம் கழுகுமலை வெட்டுவான் கோயில் வேறு பாறை. அது எரிமலைக்குழம்பு உறைந்ததல்ல, தென்கோடியின் மிகப் பழைய படிகப் பாறை.

இங்கே ஒரு பிழை தலைமுறையாகத் தொடர்கிறது. கரிசல் மண் எரிமலைக்குழம்பிலிருந்து வந்தது என்று படித்தவுடன், கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலுக்கும் எரிமலையைக் காரணமாகச் சொல்லிவிடுவார்கள். மகாராட்டிரக் கரிசலுக்கு அது பொருந்தும். நம் பக்கம் எரிமலைக்குழம்பே கிடையாது. இரும்பும் சுண்ணாம்பும் உள்ள பழைய பாறைகள், மழை குறைந்த வெப்ப நிலத்தில் தட்டையான இடத்தில் நெடுங்காலம் சிதைந்ததால் உண்டான கரிசல் இது. குணம் மட்டும் ஒன்று: நனைந்தால் உப்பும், காய்ந்தால் கை நுழையுமளவு வெடிக்கும். வெடிப்பில் மேல்மண் உள்ளே விழுந்து தானே புரண்டுகொள்வதால் மானாவாரிப் பருத்திக்கும் கம்புக்கும் உகந்தது. அதே காரணத்தால் கரிசலில் ஆழமில்லாத அஸ்திவாரம் போட்ட வீடு சில வருசத்தில் சுவர் கீறும்.

தேரியைப் பாலைவனம் என்பது மற்றொரு பிழை. சாத்தான்குளம், திருச்செந்தூர், உடன்குடிப் பக்கம் எழுந்து நிற்கும் செம்மணல் மேடுகளைக் குவித்தது ஆடிக்காற்று. மணலைச் சிவப்பாக்கியது ஒவ்வொரு மணியின் மேலும் படிந்த இரும்புப் பூச்சு. ஜெய்சால்மரைவிட இங்கே மழை பல மடங்கு அதிகம். மணல் அதை உடனே உறிஞ்சி அடியில் வைத்துக்கொள்கிறது, மேலே தெரிவதில்லை. அந்தத் தண்ணீரைத் தேடி வேர் விடும் பனை, உடன்குடிக் கருப்பட்டியாக அதைத் திருப்பித் தருகிறது. மணல் இருப்பதால் பாலை ஆகாது. மழை எவ்வளவு, வெயில் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதுதான் கணக்கு.

கடலுக்கு அப்பால் இலங்கையும் இதே பாடத்தின் இன்னொரு பிரதி. நடுவே 2500 மீட்டரை எட்டும் மலை. தென்மேற்குச் சரிவு ஜூனில் நனையும், யாழ்ப்பாணமும் மன்னாரும் அப்போது காய்ந்து ஐப்பசி கார்த்திகையில் நனையும். மன்னாரில் நிற்பவருக்கும் தூத்துக்குடியில் நிற்பவருக்கும் ஒரே பருவம்.

கையால் ஒருமுறை

இனி ஒரு வெற்று வரைபடம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர் எதுவும் வேண்டாம். பழுப்புப் பென்சிலால் இமயத்தை மூன்று வரிசையாகவும், மேற்குத் தொடர்ச்சி மலையைப் பாலக்காட்டிலும் செங்கோட்டையிலும் ஆரல்வாய்மொழியிலும் இடைவெளி விட்டும், ஆரவல்லியைச் சாய்வாகவும், காசி மலையைக் கிழக்கு மேற்காகவும் போடுங்கள். நீலத்தில் ஜூலை அம்புகள் இரண்டு: அரபிக்கடலிலிருந்து ஒன்று, வங்கக் கடலில் ஏறி இமயத்தடியில் மேற்கே திரும்புவது ஒன்று. சிவப்பில் நவம்பர் அம்பு. நீல அம்பு மலையில் முட்டும் பக்கத்தை நிழலிடுங்கள், அடுத்த பக்கத்தை வெறுமையாக விடுங்கள். பிறகு சிவப்புக்கும் அதையே செய்யுங்கள். ஆறுகளைக் கடைசியில் வரையுங்கள். முதலிலேயே வரைந்தால் அவை எங்கிருந்து தண்ணீர் பெறுகின்றன என்று கேட்கத் தோன்றாது.

முடித்ததும் சரிபார்க்க மூன்று இடம் போதும். ஜூலையில் நெல்லைச் சமவெளி நனைந்திருந்தால் நீல அம்பை மலைக்கு மேலேயே ஓட்டிவிட்டீர்கள். நவம்பரில் டெல்லி நனைந்திருந்தால் சிவப்பு அம்பு கடலைத் தொடாமலே ஈரம் பெற்றிருக்கிறது. திபெத்தில் எந்த மாதத்திலாவது அடர்ந்த நிழல் விழுந்திருந்தால் இமயத்தின் உயரத்தை மறந்துவிட்டீர்கள்.

மூன்றும் சரியாக வந்தால், திபெத், மங்கோலிய ஏரிகளிலிருந்து தெற்கே ஒரு மெல்லிய கோடு இழுத்து நாங்குநேரிக்குப் பக்கத்தில் கூந்தன்குளத்தில் முடியுங்கள். கொண்டல் மழையில் குளம் நிரம்பியபின் அங்கே வந்திறங்கும் வரித்தலை வாத்துகளின் பாதை அது. மழைமேகத்தால் தாண்ட முடியாத அந்த மதிலை ஆண்டுக்கு இருமுறை தாண்டுகிற பறவை அது.